பச்சைப் பிள்ளையோடு வெளியே போவது: சிங்கப்பூர்த் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளை பிறந்த வீட்டில் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. மாமியார் ஒன்று சொல்வார், தாதி ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா இன்னொன்று சொல்வார். இரவு மூன்று மணிக்குக் கைப்பேசியைத் திறந்தால் அது தன் பங்குக்குப் பயமுறுத்தும். உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்பதால், உறவிலும் நட்பிலும் புதிதாகப் பெற்றவர்கள் என்னிடமும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உடம்பு சம்பந்தப்பட்ட இடங்களில் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதையே சொல்கிறேன். மற்றதெல்லாம் என் கருத்து, பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம்.

முப்பது நாள் முடிவதற்குள் பிள்ளையை வெளியே கொண்டுபோகலாமா? வீட்டில் கூடவே கூடாது என்கிறார்கள்.

கூடவே கூடாது என்கிறவர்களே நான்காம் நாள் பலதுறை மருந்தகத்துக்கு உங்களோடு டாக்சியில் ஏறுவார்கள். பிறந்த இரண்டு மூன்று நாளில் மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவிடும். அதன் பிறகு மஞ்சள்காமாலை அளவைப் பார்க்க ஒன்றிரண்டு முறையாவது போக வேண்டியிருக்கும். அளவு கூடியிருக்கிறதா என்று அறியக் குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். பிள்ளையைவிடத் தாத்தாதான் அதிகமாகத் துடிப்பார். முப்பது நாள் வாசல் தாண்டாத பிள்ளையை இந்த ஊரில் பார்ப்பது அரிது.

அதற்காக அந்த வழக்கத்தை மூடத்தனம் என்று ஒதுக்கவும் மாட்டேன். பெற்றவளின் பச்சை உடம்புக்கு ஓய்வு வேண்டும். அறுவைசிகிச்சை ஆனவளுக்கு இன்னும் அதிகமாக வேண்டும். பிள்ளையின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே பிறந்தவுடன் காசநோய்க்கும் கல்லீரல் அழற்சி பி வகைக்கும் தடுப்பூசி போட்டுவிடுகிறார்கள். ஆனால் கக்குவான், தொண்டை அடைப்பான் முதலியவற்றைத் தடுக்கும் ஆறு நோய்க்கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணை இரண்டாம் மாதத்தில்தான். அதுவரை கூட்டமும் இருமலும் நிறைந்த மூடிய இடங்களைத் தவிர்ப்பது நல்லது. புளோக்கின் கீழே காலை ஏழு மணிக்கு ஒரு சுற்று நடந்துவிட்டு வருவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. தாய்க்கு நன்மை செய்யும்.

ஒரு முறை வெளியே போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு: ஒரு பாலுக்கும் அடுத்த பாலுக்கும் நடுவில் கிடைக்கும் நேரம். பிறந்த பிள்ளை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதாவது ஒரு முறை குடிக்கத் தொடங்கியதிலிருந்து அடுத்த முறைக்கு இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோதான். அதில் குடிப்பதற்கு அரை மணி, ஏப்பம் எடுக்கப் பத்து நிமிடம், கிளம்பும் நேரத்தில் டயப்பர் நனைந்தால் இன்னொரு பத்து நிமிடம். மிச்சம் கிடைப்பது ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியும் வருகிற வழியும் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வீட்டருகே உள்ள கடைத்தொகுதி, பூங்கா, மருந்தகம் எல்லாம் கணக்குக்குள் வரும். உட்லண்ட்ஸிலிருந்து தேக்கா (லிட்டில் இந்தியா) வராது. அங்கே போகத்தான் வேண்டும் என்றால் நடுவில் ஒரு பால் எங்கே கொடுப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு பயணத்துக்கு ஒரு வேலை. ‘வந்ததுதான் வந்தோம், அப்படியே முஸ்தபா கடையிலும் எட்டிப் பார்ப்போம்’ என்ற எண்ணத்தில்தான் வினை தொடங்குகிறது.

எந்த நேரத்தில் கிளம்புவது நல்லது?

காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே. பதினொரு மணி வெயிலை வளர்ந்தவர்களே தாங்க முடியாது. பிற்பகலில் இடியோடு மழை கொட்டும் நாட்கள் இங்கே அதிகம். மாலை ஐந்தரைக்குப் பிறகும் போகலாம், ஆனால் அப்போது பஸ்ஸும் ரயிலும் நிரம்பி வழியும். பிள்ளைகளின் மாலை அழுகையும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தொடங்கும்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வெயில் படுகிறதே என்று தள்ளுவண்டியின் மேல் துண்டையோ துப்பட்டாவையோ போர்த்தி மூடுகிறார்கள். துணி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் உள்ளே காற்று நின்றுபோய்ச் சூடு ஏறும். உள்ளே பிள்ளையின் முகம் சிவந்து வேர்த்திருப்பதும் தெரியாது. வண்டியின் கூரையை இழுத்துவிட்டு நிழலில் தள்ளிக்கொண்டு போங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு வெயில் தடுப்புக் களிம்பைவிட நிழலே மேல்.

தள்ளுவண்டி வாங்குவதா, மார்போடு கட்டிச் சுமக்கும் பையா?

எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தேக்காவுக்குப் போகிறவர்களுக்குச் சுமக்கும் பைதான். பஃபலோ சாலையில் காய்கறிக் கடைகள் வரை தள்ளுவண்டி ஒழுங்காக வரும். அங்கிருந்து ஐந்தடி நடைபாதையில் ஏறினால் சோதனை ஆரம்பம். முருங்கைக்காய்க் கட்டு ஒருபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், மறுபக்கம் வாழையிலைக் கூடை. கடைக்குக் கடை தரை மட்டம் மாறும். சில இடங்களில் இரண்டு படி ஏறி மூன்று படி இறங்க வேண்டும். பூக்கடை முன்னால் நான்கு பேர் நின்றால் வண்டி நகராது. ஞாயிறு மாலை என்றால் கேட்கவே வேண்டாம். வாரம் முழுவதும் உழைத்த தொழிலாளர்களுக்கு அது ஒன்றுதான் ஓய்வு நாள், அந்தத் தெரு அன்று அவர்களுடையது. பச்சைப் பிள்ளைக்காரர்கள் வாரநாள் காலையில் போய்க்கொள்ளலாம்.

வீட்டருகே நடக்கவும், கடைத்தொகுதிக்கும், மருந்தகத்துக்கும் தள்ளுவண்டி சுகம். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: முதுகுப் பகுதி முழுவதும் சாய்ந்து படுக்கை போல் ஆக வேண்டும். கழுத்து நிற்காத பிள்ளையை உட்காரும் வண்டியில் வைத்தால் தலை முன்னால் தொங்கி மூச்சு தடைபடும். மற்ற வசதிகளுக்குக் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டு மயங்க வேண்டாம். கோப்பை வைக்கும் வளையத்துக்கு எண்பது வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சுமக்கும் பையில் பிள்ளையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடை மார்பில் அழுந்தக் கூடாது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு உடம்பின் சூடும் சேரும். அதனால் பிள்ளைக்கு ஒற்றைப் பருத்திச் சட்டை போதும். பையே ஒரு சட்டைக்குச் சமம்.

பஸ்ஸில் தள்ளுவண்டியை மடிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. 2017 ஏப்ரல் முதல் விரித்த நிலையிலேயே பஸ்ஸில் ஏற்றலாம். சக்கர நாற்காலிக்கான இடத்தில் நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டி, கையை எடுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் ஏறினால் அவருக்குத்தான் முன்னுரிமை. அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டியை மடிக்க வேண்டியிருக்கும். ஒரே கையால் மடிக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

ரயில் இன்னும் எளிது. நிலையங்களில் மின்தூக்கி உண்டு, அகலமான நுழைவாயிலும் உண்டு. மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். நகரும் படிக்கட்டில் வண்டியை ஏற்றாதீர்கள். எத்தனை அவசரமானாலும் வேண்டாம். ஒதுக்கப்பட்ட இருக்கையில் யாராவது கண்ணை மூடிக்கொண்டிருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடுவார்கள். சீனப் பாட்டி ஒருவர் உங்களுக்காகப் பக்கத்தில் இருப்பவரை அதட்டி எழுப்பிவிடவும் கூடும். 0.9 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது.

காரில், டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு போகலாமா?

சட்டப்படி 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்கள் காரில் தங்களுக்கேற்ற பாதுகாப்பு இருக்கையில்தான் அமர வேண்டும். டாக்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. செயலியில் வரும் தனியார் வாடகைக் கார் டாக்சி ஆகாது. அதற்கு விலக்கும் இல்லை. ஓட்டுநர் உங்களை ஏற்ற மறுத்தால் அவர் மேல் கோபப்படுவதில் நியாயமில்லை.

விலக்கு இருக்கிறது என்பதால் மடி பாதுகாப்பாகிவிடாது. திடீரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. பின்பக்கம் பார்த்த நிலையில் பொருத்தும் கைக்குழந்தை இருக்கை ஒன்று வாங்கினால் டாக்சியிலும் மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் அண்ணி, சித்தி யாரிடமாவது சும்மா கிடக்கும். கேட்டு வாங்குங்கள், ஆனால் விபத்தில் அடிபட்டதா என்பதையும் கேளுங்கள். வீடு வந்ததும் தூங்கும் பிள்ளையை அந்த இருக்கையிலேயே மணிக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது.

பையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு டயப்பர், மேலே ஒன்று கூடுதல். ஈரத்துடைப்பான். விரித்துப் படுக்கவைக்க ஒரு ரப்பர் விரிப்பு. பிள்ளைக்கு ஒரு மாற்றுச் சட்டை, மெல்லிய போர்வை, காலுறை. எதுக்களித்ததைத் துடைக்கப் பழைய வேட்டித் துண்டு; கடையில் விற்கும் எந்தத் துணியும் அதற்கு ஈடில்லை. அழுக்குத் துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. எல்லாரும் மறப்பது தாய்க்கு ஒரு மாற்று மேல்சட்டை. பிள்ளை வாந்தி எடுப்பது தன் சட்டையில் இல்லை, உங்கள் தோளில்.

இதற்கு மேல் எடுத்தால் பை கனக்கும், தேடியது கிடைக்காது. மறந்து போனால் என்ன? எந்த வட்டாரத்திலும் பத்து நிமிட நடையில் டயப்பர் விற்கிறார்கள்.

வெளியே தாய்ப்பால் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. எங்கே கொடுப்பது?

பெரிய கடைத்தொகுதிகளில் பாலூட்டும் அறை உண்டு. பல இடங்களில் டயப்பர் மாற்றும் மேசையும் சுடுநீரும் அங்கேயே இருக்கும். நூலகங்கள், மருத்துவமனைகள், புதிய உணவங்காடி நிலையங்கள் சிலவற்றிலும் பார்த்திருக்கிறேன். அறை கிடைக்காவிட்டால் காப்பிக்கடையின் மூலை மேசையில் சுவரைப் பார்த்து அமர்ந்து, புடவை முந்தானையோ துப்பட்டாவோ போட்டுக்கொண்டு கொடுங்கள். பொது இடத்தில் பாலூட்டுவதை இங்கே எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. யாராவது முறைத்தால் அது அவர்கள் பாடு. கழிப்பறைக்குள் போய்க் கொடுக்காதீர்கள். நீங்கள் அங்கே அமர்ந்து சாப்பிடுவீர்களா?

பீய்ச்சி எடுத்த பாலானால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். அந்தக் கணக்கு 25 பாகை வரைக்கும்தான். நம் வீட்டுக் கூடம் ஏசி இல்லாமல் 30 பாகையைத் தொடும், ஆகவே பனிக்கட்டிப் பொதியோடு குளிர்ப்பையில் எடுத்துப் போங்கள். மாவுப் பால் கொடுக்கிறவர்கள் வீட்டிலேயே கலக்கி எடுத்துப் போவதைவிட, கொதிநீரைக் குடுவையிலும் மாவை அளந்து தனி டப்பாவிலும் கொண்டுபோவது மேல். கொதித்துக் கொஞ்சம் ஆறிய, 70 பாகைக்குக் குறையாத நீரில் கலக்கி, பிறகு குளிர்வித்துக் கொடுக்க வேண்டும். குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள். விலையை நினைத்து வைத்திருந்து மறுபடி கொடுக்க வேண்டாம்.

வெக்கையாக இருக்கிறதே என்று தண்ணீர் கொடுக்கச் சொல்வார்கள். ஆறு மாதம் வரை தேவையில்லை, பாலே தண்ணீர்தான்.

கடைத்தொகுதி ஏசியில் சளி பிடிக்குமா?

ஏசி சளியைக் கொண்டுவராது, பக்கத்தில் தும்முகிறவர்தான் கொண்டுவருகிறார். ஆனால் வெளியே 32 பாகையில் வேர்த்த பிள்ளை உள்ளே நுழைந்ததும் ஈரச் சட்டையோடு குளிரும். முதுகைத் தொட்டுப் பார்த்துச் சட்டையை மாற்றி, காலுறை போட்டுவிடுங்கள். கையும் காலும் சற்றுச் சில்லென்று இருப்பது இயல்பு; கழுத்தின் பின்புறம் சூடாக இருந்தால் போதும்.

பிள்ளையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

வெளியே போவதைவிடப் பெரிய தொல்லை இது. ஆனால் இதைப் பற்றி யாரும் முன்கூட்டியே எச்சரிப்பதில்லை. பெரியம்மா குடும்பம் ஐந்து பேராக வரும். வந்தவர்களுக்குத் தேநீர் போடுவது யார்? தையல் பிரியாத வயிற்றோடு நீங்கள்தான். என் யோசனை: அழைப்புகளைக் கணவர் எடுக்கட்டும். ‘ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு வரை வாருங்கள் பெரியம்மா’ என்று நேரம் சொல்லி அழைத்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை. நேரம் சொல்லாமல் விட்டால்தான் நினைத்தபோது வருவார்கள். கை கழுவச் சொல்லுங்கள். முகத்திலும் கையிலும் முத்தமிட விடாதீர்கள். இருமல் உள்ளவர் அடுத்த மாதம் வரட்டும், பிள்ளை எங்கும் ஓடிவிடாது.

இன்னும் பெறாமல் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: ஒவ்வொரு கர்ப்பத்திலும் 16 முதல் 32 வாரத்துக்குள் கக்குவான் தடுப்பூசி போட்டுக்கொள்ள இங்கே பரிந்துரைக்கிறார்கள். அதன் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போகும்.

மாமியார் சாம்பிராணி போடுகிறார், தேன் தடவுகிறார், வசம்பு உரைக்கிறார். எதற்குச் சரி சொல்வது, எதை மறுப்பது?

எல்லாவற்றையும் மறுத்தால் வீடு போர்க்களம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் பிள்ளைக்கு ஆபத்து. நான் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன்: பிள்ளையின் வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் கண்ணுக்குள்ளும் போவது ஒரு வகை, மேலே படுவது இன்னொரு வகை.

முதல் வகையில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குடலில் வளர்ந்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதும், உரை மருந்தும் வேண்டாம். சாம்பிராணிப் புகை பிள்ளையின் நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளை இல்லாத அறையில், ஜன்னலைத் திறந்து அத்தை கூந்தலுக்குப் போட்டுக்கொள்ளட்டும். கண்ணுக்குள் மை தீட்டாமல், திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்தால் பொட்டும் ஆயிற்று, சண்டையும் இல்லை.

இரண்டாவது வகையில் தாராளமாக இருங்கள். தேங்காயெண்ணெய் தடவி மெல்ல நீவிவிடுவது, வெந்நீர்க் குளியல், இடுப்பில் அரைஞாண் எல்லாம் இருக்கட்டும். கழுத்தில் மட்டும் எந்தக் கயிறும் வேண்டாம். உங்களுக்கு வைக்கும் பூண்டுக் குழம்பையும் பால்சுறாப் புட்டையும் எதிர்த்துப் பேசாமல் சாப்பிடுங்கள். யார் இனி உட்கார வைத்துப் போடப்போகிறார்கள்?

தமிழ் வீடுகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். குறைவு உள்ள பிள்ளைக்குப் பாச்சை உருண்டை வாசனையே இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கலாம். மூத்த பிள்ளையின் பழைய சட்டைகளையும் பாட்டியின் பட்டுத் துணியையும் அலமாரியில் எதோடு சேர்த்து வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். பாச்சை உருண்டையை வீட்டைவிட்டே அகற்றுங்கள். மஞ்சள்காமாலைக்கு இளவெயில் காட்டுவதும் மருத்துவம் ஆகாது. அளவு கூடினால் மருத்துவமனையில் நீல ஒளியின் கீழ் வைப்பார்கள்.

முப்பதாம் நாள் கோயிலுக்குப் போக வேண்டும். மொட்டையும் அடிக்கச் சொல்கிறார்கள்.

போய் வாருங்கள், நாளை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுங்கள். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலோ, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலோ, வாரநாள் காலையில் அர்ச்சனை முடித்து அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம். வெள்ளி மாலையும் விசேஷ நாட்களும் வேண்டாம். தைப்பூசத்தன்று முப்பதாம் நாள் வந்தால் முருகன் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார். மேளச் சத்தத்திலிருந்தும் கற்பூரப் புகையிலிருந்தும் தள்ளி நில்லுங்கள்.

மொட்டையை என்னைக் கேட்டால் தள்ளிப்போடச் சொல்வேன். உச்சிக்குழி மூடாத தலை அது. அடித்தே ஆக வேண்டுமென்றால் புதுக் கத்தி, கைதேர்ந்தவர், பால் குடித்து உறங்கும் நேரம். விருந்தை வீட்டிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ எளிமையாக வைத்துக்கொள்ளலாம். சீன அண்டை வீட்டார் தங்கள் பிள்ளையின் முதல் மாதத்துக்குச் சிவப்பு முட்டை கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். இனிப்பு அனுப்ப இதுதான் சமயம்.

தூளியில் தூங்க வைக்கலாமா?

நாம் எல்லாரும் தூளியில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் மருத்துவர்கள் சொல்வது தெளிவானது: மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தட்டையான உறுதியான மெத்தை வேண்டும், தலையணையும் பொம்மையும் கூடாது. தூளியில் உடம்பு வளைந்து தாடை மார்பில் படும். சமாதானப்படுத்தத் தூளி, தூங்கியதும் தொட்டில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆட்டும்போது பார்த்துக்கொண்டே இருங்கள். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைப்பதும் வேண்டாம். விழித்திருக்கும்போது சற்று நேரம் குப்புறப் போட்டு விளையாடினால் தலை தானே உருளும்.

பிறப்புப் பதிவு, அனுமதி, உதவித்தொகை எல்லாம் எப்போது?

42 நாளுக்குள் பதிய வேண்டும். 2022 மே மாதக் கடைசியிலிருந்து அரசாங்கத்தின் லைஃப்எஸ்ஜி செயலியில் வீட்டிலிருந்தே பதியலாம். கட்டணம் 18 வெள்ளி, சான்றிதழ் மின்வடிவில் வரும். பச்சைப் பிள்ளையோடு வரிசையில் நிற்கும் வேலை இல்லை. பெயரை முன்பே முடிவு செய்து, ஆங்கில எழுத்துக்கூட்டலை நான்கு பேர் படித்துப் பார்க்கட்டும்.

பிள்ளை குடியுரிமை பெற்றதானால் 2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 11,000 வெள்ளியும், மூன்றாவது முதல் 13,000 வெள்ளியும் ரொக்கமாகப் பல தவணைகளில் கிடைக்கும்.

பெற்றோர் இருவரும் வேலை அனுமதியில் இங்கே இருப்பவர்கள் என்றால், சிங்கப்பூரில் பிறந்ததால் மட்டும் பிள்ளைக்குக் குடியுரிமை வராது. அந்த 42 நாளுக்குள் பிள்ளை இங்கே தங்குவதற்கான அனுமதியையும் பெற வேண்டும். இந்தியக் குடிமக்கள் இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். இதைப் பத்தியம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் நாள் ஓடிவிடும். கணவரிடம் முதல் வாரமே ஒப்படையுங்கள்.

கணவருக்கு எத்தனை நாள் விடுப்பு? அவர் என்ன செய்யலாம்?

குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு, 2025 ஏப்ரல் முதல் தந்தைக்கு அரசாங்கச் சம்பளத்தோடு நான்கு வார விடுப்பு கட்டாயம். தாய்க்கு 16 வாரம். அதற்கு மேல் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 2026 ஏப்ரல் முதல் பத்து வாரம். நான்கு வாரத்தையும் முதல் மாதத்திலேயே தீர்த்துவிடாமல், ஊரிலிருந்து வந்த அம்மா விமானம் ஏறிய மறுநாளுக்குச் சிலவற்றை மிச்சம் வையுங்கள். அன்றுதான் உண்மையில் ஆள் தேவைப்படும். என்ன செய்யலாம் என்று கேட்கும் கணவருக்கு: ஏப்பம் எடுப்பது, குளிப்பாட்டுவது, மூத்த பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவது. பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆண்களால் செய்ய முடியும்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல் கண்டால் காத்திருக்க வேண்டாம். மருந்து ஊற்றிப் பார்க்கவும் வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு இரைப்பது, உதடு நீலம் பூப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. பால் குடிக்க மறுப்பது, முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு டயப்பர் கூட நனையாமல் இருப்பது, மஞ்சள் வயிற்றுக்கும் காலுக்கும் பரவுவது ஆகியவற்றுக்கும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கொசுவும் புகைமூட்டமும்?

புளோக்கின் கீழே சிவப்பு டெங்கிப் பதாகை தொங்கினால் அந்த வட்டாரத்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு டெங்கி என்று பொருள். இரண்டு மாதம் வரை கொசுவிரட்டித் தைலம் தடவக் கூடாது. தொட்டிலுக்கும் வண்டிக்கும் வலை போடுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் உலாவை விட்டுவிடுவேன்.

காரணமே இல்லாமல் அழுகிறேன். வெளியே கிளம்பவே பயமாக இருக்கிறது.

பெற்ற சில நாளில் கண் கலங்குவது பெரும்பாலோருக்கு நேர்வது. இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைப் பார்த்து எதுவும் தோன்றாவிட்டால், அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். ‘எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது’ என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இதற்கென்றே சேவை இருக்கிறது. பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொன்னாலும் அனுப்பிவைப்பார். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் நாள் முழுவதும் இயங்குகிறது. தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காமல் பக்கத்தில் இருப்பவரை அழையுங்கள்; 995 அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767-ஐயும் அழையுங்கள்.

பயம் மட்டும்தான் என்றால், முதல் நாள் மின்தூக்கியில் இறங்கிக் கீழே உள்ள பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு ஏறி வாருங்கள். அடுத்த நாள் காப்பிக்கடை வரை.

ஊருக்கோ ஜோகூருக்கோ எப்போது கூட்டிப்போகலாம்?

ஜோகூருக்கு அவசரம் என்ன? பாலத்தில் வார இறுதி நெரிசலில் சிக்கினால் நம் ஒன்றரை மணி நேரக் கணக்கு அங்கேயே கரைந்துவிடும். சென்னைக்கோ திருச்சிக்கோ நான்கு மணி நேர விமானம். இரண்டாம் மாதத் தடுப்பூசி முடியட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் காது அடைக்காது. தட்டம்மைத் தடுப்பூசி இங்கே பன்னிரண்டாம் மாதத்தில்தான் வரும். அதற்கு முன் நீண்ட நாள் தங்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே போட வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

எங்கே போனாலும் பிள்ளைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது ஐந்து ஆண்டு செல்லும். விண்ணப்பம் எளிது, படம்தான் கடினம். வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஜன்னல் ஓரமாகப் படுக்க வைத்து மேலிருந்து எடுங்கள். கண் திறந்திருக்க வேண்டும், வாயில் ரப்பர் இருக்கக் கூடாது, பாட்டியின் கை படத்துக்குள் வரக் கூடாது. பால் குடித்து ஏப்பம் விட்ட கையோடு எடுத்தால்தான் உண்டு.